அப்பா பக்கத்து இரண்டு கட்டங்கள்

என் மகள் இங்கே சிங்கப்பூரில் செகண்டரி ஃபோர், அதாவது பத்தாம் வகுப்பு, படித்த வருடம், அவளுடைய பயாலஜி டீச்சர் ஒரு விதி வைத்திருந்தார். தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு பாடத்தையும், அதைப் படிக்கவே படிக்காத ஒருவருக்கு வீட்டில் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அவருக்கு விளங்கினால்தான் பிள்ளைகளுக்கு விளங்கியதாக அர்த்தம். வகுப்பில் பாதிப் பேர் அப்படி ஒரு ஆளுக்கு எங்கே போவது என்று தவித்தார்களாம். ஒருத்தியின் அப்பா டாக்டர், இன்னொருத்தியின் அம்மா ஆய்வகத்தில் வேலை. என் மகளுக்கு அந்தக் கவலையே இல்லை. பிரைமரி த்ரீயோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆள் ஒருவன் அவள் வீட்டிலேயே கைலி கட்டிக்கொண்டு சோபாவில் படுத்திருந்தான்.

"ஆள ஏன் வெளிய தேடணும், எங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கு லா" என்று அவள் தோழியிடம் போனில் சொன்னதை நானே கேட்டேன். பொருளைச் சொல்வது போலத்தான் சொன்னாள். இருந்தாலும் என் படிப்பு இன்னொருவருக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து உட்கார்ந்து சட்டை போட்டுக்கொண்டேன்.

தோழி கோயம்புத்தூர்ப் பெண். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு இங்கே வந்தவர்கள். சனிக்கிழமை காலை புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்ததும், "ஸாரி அங்கிள், ராங் ஹவுஸ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி லிஃப்ட் பக்கம் நடந்தாள்.

"எங்கம்மா போற? வீடு சரிதான், மூஞ்சிதான் தப்பு. உள்ள வா."

அவள் வாசலில் கட்டியிருந்த மாவிலையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் மாவிலையைப் பார்த்தாள்.

மூஞ்சி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் பிறப்பால் சீனன். நான் பிறந்த நேரம் பெற்ற அப்பாவுக்கு ஆகாது என்று யாரோ குறி சொல்லிவிட்டார்களாம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளை வேறு இனத்து வீட்டில் கொடுத்துவிட்டால் தோஷம் விலகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. பெரும்பாலும் பெண் பிள்ளைகளைத்தான் கொடுப்பார்கள். ஆண் பிள்ளையாகப் பிறந்தும் என்னைக் கழித்துவிட்டார்கள் என்றால் என் திறமையை நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலையில் சாப்பாட்டுக் கடைக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண், பிள்ளை இல்லாதவள், புருஷனையும் இழந்தவள், என்னை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவள்தான் என் அம்மா. என்னைக் கொடுத்த குடும்பம் அந்தக் கடைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தது. அந்தச் சந்தை இடித்தார்கள். எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். பெற்றவளின் பெயர்கூட அம்மாவுக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் என் மூஞ்சியைப் பார்த்துச் சீன வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அம்மா வந்து சத்தம் போட்டதும் தமிழ் வகுப்புக்கு மாற்றினார்கள். அங்கே நான் வாயைத் திறந்தால் வகுப்பே சிரித்தது. சிரிக்கவைப்பது எனக்குப் பிடித்துப்போனது. படிப்பு ஓடிப்போனது, சிரிப்பு மட்டும் கூடவே வந்தது. தேக்கா மார்க்கெட்டில் காய்கறி மூட்டை தூக்கப் போனேன். இன்றைக்கும் லாரியில் சாப்பாட்டுக் கடைகளுக்குக் காய்கறிதான் கொண்டுபோய்ப் போடுகிறேன். நான் சரக்கு எடுக்கும் கடைகளில் ஊரிலிருந்து புதிதாக வந்த பையன்கள் என்னிடம் மிகவும் கஷ்டப்பட்டுச் சீனத்தில் வணக்கம் சொல்வார்கள். "தம்பி, நேத்து குடுத்த கத்திரிக்கா முத்தல், மாத்திக் குடு" என்பேன். சிலர் கையில் இருப்பதைக் கீழே போட்டிருக்கிறார்கள்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். அன்று எவல்யூஷன். தமிழில் பரிணாமம் என்று மகள் சொன்னாள். இரண்டுமே எனக்கு ஒன்றுதான்.

"அங்கிள், உங்க பிளாக்குக்குக் கீழ ஒரு பூனை குட்டி போட்டிருக்கே, எல்லாக் குட்டியும் ஒரே மாதிரியா இருக்குங்க?" என்று கோயம்புத்தூர்ப் பெண் ஆரம்பித்தாள்.

"இல்லம்மா. ஒண்ணுக்கு வால் நேரா இருக்கு. ஒண்ணுக்கு வால் ஒடிஞ்ச கொக்கி மாதிரி இருக்கு."

"அதுதாங்க வேரியேஷன். வித்தியாசத்தோட பொறக்கறது."

அடுத்தது என் மகளின் முறை. "அப்பா, டெங்கிக்குப் புகை அடிக்கறாங்கல்ல, எல்லாக் கொசுவும் சாகுதா?"

"எங்க சாகுது? இருமறது நான்தான்."

"ஜோக் வேணாம்ப்பா. சாகாத கொசு ஏன் சாகல?"

"பழகிப்போயிருக்கும்."

"இல்ல லா! எல்லாரும் இங்கதான் தப்பு விடறாங்க. அது பழகிக்கல. அந்த மருந்தத் தாங்கற மாதிரி ஒண்ணு ரெண்டு ஏற்கெனவே பொறந்திருக்கும். மத்ததெல்லாம் செத்துடும், அது முட்டை போடும். அடுத்தடுத்து வர்றதுல தாங்கற கொசு அதிகமாயிடும். யாரும் ட்ரெய்னிங் குடுக்கல."

எனக்கு விளங்கியது. உண்மையாகவே விளங்கியது. பள்ளிக்கூடத்தில் இப்படிக் கொசுவை வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் நானும் பிரைமரி ஃபோர் வரை போயிருப்பேன்.

"இப்ப முக்கியமான பாயிண்ட்" என்று மகள் என் தோளைத் தட்டினாள். "மூட்டை தூக்கித் தூக்கி உங்க தோள் இப்படி ஆயிருக்கு. எனக்கு இந்தத் தோள் வந்துச்சா?"

"வரல. உன்னக் கட்டிக்கப் போறவன் பொழச்சான்."

"வாழ்க்கையில அப்புறமா வந்து சேர்ந்தது எதுவும் புள்ளைக்குப் போகாது. பொறக்கும்போது கொண்டுவந்ததுதான் போகும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு ஒரு பெரிய தாளை விரித்தார்கள். டீச்சர் எல்லாரையும் செய்யச் சொன்னது. கீழே மகளுக்கு ஒரு கட்டம், அதற்கு மேலே அப்பா அம்மாவுக்கு, அதற்கும் மேலே தாத்தா பாட்டிகளுக்கு நான்கு. யாரிடமிருந்து என்ன வந்தது, சுருட்டை முடியா, கன்னத்தில் குழியா என்று எழுதி இரண்டு வாரம் கழித்து வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். என் மனைவி பக்கத்துக் கட்டங்கள் படத்தோடு நிறைந்திருந்தன. என் பக்கம் மேலே இரண்டும் வெறுமையாக இருந்தன.

நான் எழுந்து போய்ச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவின் படத்தை எடுத்து வந்தேன். கண்ணாடியைக் கைலியில் துடைத்து, என் பக்கத்துப் பாட்டிக்கான கட்டத்தின்மேல் வைத்தேன். "சைஸ் பெருசா இருக்கு. கீழ கடையில சின்னதா எடுத்துத் தரச் சொல்லவா?"

மகள் படத்தைப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை. "அப்பா... பாட்டிய இதுல போட முடியாதுப்பா. இது ரத்த சொந்தத்துக்கு மட்டும்."

"பாட்டி ஓரமா நிக்கட்டுமே. எடம் அடைக்க மாட்டா."

"போட்டா தப்பாயிடும்ப்பா. மார்க் போகும்னு சொல்லல. நெஜமாவே தப்பாயிடும்."

எனக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அந்தக் கட்டத்தில் அம்மா உட்கார வேண்டும். ஆங்கிலத்தில், வகுப்பு முழுக்கப் பார்க்க, என் மகளின் வாயால், இவள்தான் என் அப்பாவைப் பெற்றவளுக்குச் சமம் என்று சொல்லப்பட வேண்டும். அம்மா இறந்தபோது காரியம் செய்தவன் நான். அன்றைக்கு ஒரு உறவுக்காரர் 'ரத்த சம்பந்தம் இல்லாதவன்' என்று முனகினார். "அண்ணே, ரத்தம் இருக்கற நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி தெரியலையே" என்று சிரித்துக்கொண்டே அவர் வாயை அடைத்தேன். இப்போது அதே வார்த்தையை என் மகள் சொல்கிறாள். கையில் பாடப்புத்தகம் வேறு.

தோழியிடம் கேட்டேன். "அப்ப எங்கம்மா எனக்குக் குடுத்தது எதுவும் இவளுக்குப் போகாதாம்மா?"

அந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாதவள். கீழே குனிந்து பேனா மூடியைத் திருகினாள். "இந்தச் சாப்டர்படி போகாதுங்க அங்கிள்."

படத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னங்க, பாஸா ஃபெயிலா?"

"நான் பாஸ். எங்கம்மாதான் ஃபெயில்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். கத்தியை வைத்துவிட்டு என் கையிலிருந்த படத்தை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஆடி அமாவாசை. வருடாவருடம் லிட்டில் இந்தியாவில் கோவிலுக்குப் போய் அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு வருவேன். எப்போதும் தனியாகத்தான் போவேன். அன்று மகள் குளித்துவிட்டுத் தயாராக நின்றாள். "நானும் வர்றேன்ப்பா" என்றாள்.

கோவிலில் கூட்டம். வரிசையாகப் பாய் விரித்து, ஆளுக்கொரு தட்டில் எள், அரிசி, தர்ப்பை, பக்கத்தில் தண்ணீர். ஐயர் மைக்கில் சொல்லச் சொல்ல எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டும். பெயர் சொல்லும் இடம் வந்ததும் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வருவார். என்னிடம் வந்ததும் மைக்கை இறக்கினார். அந்த வருடம் புதிதாக வந்தவர்.

"யூ... ஃப்ரெண்டுக்குத் துணையா வந்தீங்களா?"

"இல்ல சாமி. எங்கம்மாவுக்கு விட வந்தேன்."

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அம்மா பேரு?"

சொன்னேன்.

"அம்மாவோட அம்மா?"

சொன்னேன்.

"அதுக்கு மேல?"

"தெரியாது சாமி."

"பரவால்ல. பாதிப் பேருக்குத் தெரியாது" என்று அடுத்தவரிடம் போய்விட்டார்.

அவ்வளவுதான். ரத்தம் பற்றிய பேச்சே இல்லை. இங்கே அம்மாவுக்கு இடம் இருந்தது. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சுற்று உண்டு. "பேரு தெரியாதவங்க, விட்டுப்போனவங்க, கேக்க யாருமே இல்லாதவங்க, எல்லாரையும் நெனச்சு ஒரு தடவ விடுங்கோ" என்றார் ஐயர். மற்ற வருடங்களில் இந்த இடத்துக்கு வரும்போது என் நினைப்பு எதிர்க்கடைத் தோசைக்குப் போயிருக்கும். அன்று உள்ளங்கையில் எள்ளோடு தண்ணீரை வாங்கியதும் கை அப்படியே நின்றது.

என்னைக் கொடுத்த பெண்ணைப் பற்றி நான் நிறையப் பேசியிருக்கிறேன். எல்லாம் ஜோக்குதான். சரக்கைத் திருப்பி அனுப்பிய ஆள் என்பேன். நண்பர்கள் சிரிப்பார்கள். அவளும் ஒரு ஆள், ஒரு சந்தில் ஒரு வாசலில் நின்று கையிலிருந்த பிள்ளையை நீட்டியவள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அம்மாவை எந்தக் கட்டத்தில் உட்காரவைக்க நான் முட்டிமோதினேனோ அது காலி மனை இல்லை. அதற்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள். இது என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

"சாமி, ஒரு சந்தேகம். உயிரோட இருக்காங்களா இல்லையான்னே தெரியாதவங்களுக்கு விடலாமா?"

அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "உயிரோட இருக்கறவாளுக்கு விடவே கூடாது. பெரிய பாவம். தெரியலேன்னா அவாளை நெனச்சு விடாதீங்கோ."

தண்ணீர் விரல் இடுக்கில் தானாகவே வடிந்தது. கையில் ஒட்டியிருந்த எள்ளைத் தட்டின் ஓரத்தில் தேய்த்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு ரயில் ஏறினோம். ஜூரோங் ஈஸ்ட்டில் வேறு ரயில் மாறுவதற்காக இறங்கி நிற்கும்போது மகள் கேட்டாள். "கடைசியா யாருக்கு விடப் பாத்தீங்க?"

"அந்தக் கட்டத்துக்காரிக்கு."

"ஐயர் வேணாம்னுட்டாரா?"

"உயிரோட இருந்தாலும் இருப்பாங்களாம்."

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துத் திருப்பி, ரேகை பார்ப்பவள் போல வீடு வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை கோயம்புத்தூர்ப் பெண் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை வீடு தப்பு என்று சொல்லவில்லை. அவள் அம்மா கொடுத்ததாகத் தேங்காய் பர்ஃபி கொண்டுவந்திருந்தாள். போன வாரம் நடந்ததற்கு அது பரிகாரம் போல இருந்தது. நான் இரண்டை வாயில் போட்டுக்கொண்டு, ரொம்ப நாளாகச் சேர்த்துவைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"ஏம்மா, குரங்குல இருந்துதான மனுசன் வந்தான்? அப்புறம் ஏன் இன்னும் குரங்கு இருக்கு? என்ன சொல்றேன்னா, என்னையே ஆதாரமா வச்சுக்கலாம்."

"இல்லங்க அங்கிள். அதுவும் எல்லாரும் விடற தப்பு. இப்ப இருக்கற குரங்குல இருந்து நாம வரல. ரெண்டு பேருக்கும் பொதுவா முன்னாடி ஒரு மூதாதை இருந்திருக்கு. அது இப்ப இல்ல."

"போட்டோ இருக்கா?"

"இல்லங்க. நெறைய நேரம் எலும்புகூடக் கிடைக்காது."

"போட்டோ இல்ல, எலும்பு இல்ல. அப்புறம் எப்படி இருந்துச்சுன்னு சொல்றீங்க? இதுக்கு எங்க ஆளுங்க சொல்ற குறியே தேவல."

"இப்ப இருக்கறவங்களப் பாப்போம் அங்கிள். இவங்ககிட்ட இருக்கறது எங்கிருந்து வந்திருக்கும்னு ஒவ்வொண்ணாப் பின்னாடி போவோம். போயிட்டே இருந்தா, பாக்காத ஆளப் பத்தியும் கொஞ்சம் சொல்ல முடியும்."

என் மகள் எழுதிக்கொண்டிருந்தாள். பேனா நின்றது. வெறுமையாக இருந்த கட்டங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இங்க வாங்க. ஜன்னலுக்குப் பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்தேன். இரண்டு பெண்களும், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று டீச்சர் எழுதிக் கொடுத்த இன்னொரு தாளோடு என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். காது மடலைப் பிடித்து இழுத்தார்கள். நாக்கைச் சுருட்டச் சொன்னார்கள். சிரிக்கச் சொன்னார்கள். இடது கன்னத்தில் மட்டும் எனக்குக் குழி விழும். மகள் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில், கோட்டின் மேலேயே அதை எழுதினாள். "ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்திருக்கலாம்" என்றாள்.

"ஒரு கிளாஸ் பீர் குடிச்சா என் மூஞ்சி தக்காளியாயிடும். அத எழுதுவீங்களா?"

தோழி குதித்தாள். "அங்கிள், அது ஜீன்! கண்டிப்பா எழுதணும்." அதையும் கோட்டின் மேல் எழுதினார்கள். பீர் குடிக்கும்போதெல்லாம் நண்பர்கள் என்னைக் கேலி செய்வார்கள். அந்தச் சிவப்பு யாரோ ஒருவரின் கன்னத்தில் எனக்கு முன்பே ஏறி இறங்கியிருக்கிறது என்று நான் என்ன கண்டேன்?

ஆனால் மகளுக்குத் திருப்தி இல்லை. "எல்லாமே ரெண்டு பேர்ல ஒருத்தர்னே வருது. அவங்களுக்குன்னு உறுதியா ஒண்ணு வேணும்" என்றாள். அவங்க என்று அவள் சொன்னது என்னைப் பெற்றவளைத்தான். தாளின் கடைசி வரிக்கு வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"அங்கிள், கேக்கலாங்களா?"

"கேளும்மா. மானம் போயி நாளாச்சு."

"காது அழுக்கு ஈரமா மெழுகு மாதிரி இருக்குமா, காஞ்சு பொடியா இருக்குமா?"

அடுத்தவன் காதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மற்றவர்களுக்கு எப்படி வரும் என்று தெரிந்தால்தானே என்னுடையதைச் சொல்வேன். விழித்தேன். அப்போது அம்மாவின் மடி ஞாபகம் வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிறகு என் தலையை மடியில் சாய்த்து, கொண்டை ஊசியின் வளைந்த பக்கத்தால் காதைச் சுத்தம் செய்வாள். வெங்காய வாசனை அடிக்கும் கை. ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படுவாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

"'ஊர்ல உள்ள புள்ளைங்க காதுலல்லாம் மெழுகு வருது, உனக்கு மட்டும் ஏண்டா தவிடு கொட்டுது?'ம்பா எங்கம்மா" என்றேன்.

தோழி வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் தாளைப் பிடுங்கிப் படித்தாள். பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள். அந்தக் காய்ந்த வகை ஒருவருக்கு வர வேண்டுமானால், அப்பா ஒரு பங்கும் அம்மா ஒரு பங்கும் கொடுத்திருக்க வேண்டுமாம். ஒருவர் மட்டும் கொடுத்தால் வெளியே தெரியாதாம்.

"அப்படின்னா?" என்றேன்.

"அப்படின்னா இது மட்டும் கண்டிப்பா அவங்ககிட்ட இருந்துச்சுப்பா. கண்டிப்பா குடுத்திருக்காங்க."

கோட்டின் மேல் இல்லாமல், அந்தக் கட்டத்துக்குள்ளேயே எழுதினாள். இத்தனை வயதுக்கு என்னைப் பெற்றவளைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் காது அழுக்கு. வேறு சமயமாக இருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பேன்.

அதே கட்டத்துக்குள், அந்த வரிக்குக் கீழே, மகள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். ஆங்கிலம்தான். எனக்குப் படிக்க வராது.

"இன்னும் என்ன எழுதற?"

"யார் பாத்துச் சொன்னதுன்னு எழுதணும்ப்பா. ஆதாரம் இல்லாம டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க. நீங்க உங்க காத நீங்களே பாக்கல இல்ல? பாத்தது பாட்டிதானே." பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். "பாட்டி பேர முழுசாச் சொல்லுங்க."

சொன்னேன். அவள் எழுத்துக் கூட்டி எழுதி முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு?"